உப்புப் பெட்டியில் வைத்த டார்ச்சுகள்

டார்ச்சைத் தோற்கடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் நான் டார்ச் தேட ஆரம்பித்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வீட்டுக்காரருக்குக் கடலில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகை ஓட்டும்போது கொண்டுபோக ஒரு டார்ச் வேண்டியிருந்தது. தண்ணீர் உள்ளே போகக் கூடாது, உப்பில் துரு ஏறக் கூடாது. அப்படி ஒன்று இந்த சைகோன் முழுக்கத் தேடினாலும் கிடைக்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டு, நானே கடை கடையாக ஏறி இறங்கினேன்.

அவருக்கு மாலைக்கண். கேரட்டும் கீரையும் தின்றால் சரியாகிற மாலைக்கண் இல்லை இது. கண்ணுக்கு உள்ளே இருக்கிற திரை ஓரத்திலிருந்து கருகிக் கருகி நடுவுக்கு வரும். முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டில் தெரியாது. கடைசியில் செய்தித்தாளைச் சுருட்டி அதன் வழியாகப் பார்க்கிற அளவுக்கு நடுவில் கொஞ்சம் மிஞ்சும், ஒருநாள் அதுவும் போய்விடும். காரைக்காலில் இருக்கிற அவருடைய அண்ணனுக்கு அப்படித்தான் போனது. தலைமுறை தலைமுறையாக மாமன் மகளையே கட்டிக்கொண்டு வந்ததன் பலன் என்று ஊரில் டாக்டர் சொன்னார். நானும் இவருக்கு மாமன் மகள்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நின்றபடியே, நமக்குப் பிள்ளை வேண்டாம் என்று பேசி முடித்தோம். சைகோனுக்கு வேலைக்கு வந்த பிறகு இங்கேயும் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் கண்ணைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மருந்தில்லை என்பதை மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

இந்த ஊரில் மோட்டார் பைக் இல்லாதவன் காலில்லாதவன். இவர் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் பைக்கில்தான் போய்வந்தார். ஒருநாள் சந்துக்குள் திரும்பும்போது, பக்கத்தில் நின்ற கரும்புச்சாறு வண்டியில் கொண்டுபோய் மோதினார். பகல் பன்னிரண்டு மணி, வெயில் கொளுத்துகிறது, வண்டியோ யானை அளவு. எனக்கு அது தெரியவேயில்லை என்று அந்தக் கரும்புச்சாறு அம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். மறுவாரமே பைக்கை விற்றோம். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த நேரத்தில்தான் கூட வேலை பார்க்கிற ஒருவர் தன் குழுவோடு ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் கயாக் ஓட்டக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்த மனுஷனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தோலெல்லாம் வெந்து, உதடு வெடித்து, சிரித்துக்கொண்டே வந்தார். தண்ணீரில் பக்கவாட்டிலிருந்து வந்து முட்ட எதுவும் இல்லையாம், நேராகப் பார்த்துத் துடுப்புப் போட்டால் போதுமாம். காரைக்கால் கடற்கரையில் வளர்ந்தவர், தண்ணீரைக் கண்டால் விடுவாரா? வாரம் தவறாமல் போக ஆரம்பித்தார். கண் சமாச்சாரத்தை அந்தக் குழுவில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று நான் கத்தினேன். சொன்னால் சேர்க்கமாட்டார்கள் என்று அவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார்.

வறண்ட பருவம் தொடங்கியதும் அந்தக் குழு கான் யோ கடலுக்குப் போகத் திட்டம் போட்டது. மத்தியானம் கரையிலிருந்து கிளம்பி, தூரத்திலிருக்கிற மணல்திட்டைச் சுற்றிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவது. காற்று எதிர்த்தால் நேரமாகலாம் என்பதால் ஆளுக்கொரு டார்ச் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். பொழுது சாய்கிற நேரம் என்பதுதான் என் காதில் விழுந்தது. மற்றவர்களுக்கு அது சாயங்காலம், இவருக்கு அது முழு இருட்டு.

போகக் கூடாது என்று நேராகச் சொன்னால் கேட்கிற ஆளில்லை. அதனால் ஒரு நிபந்தனை போட்டேன்.

"எங்க ஃபேக்டரி உப்புப் பெட்டியில நாலு நாள் தாங்குற டார்ச் கெடச்சா போங்க அத்தான். இல்லன்னா பேச்சே கெடையாது."

"நாலு நாள்தானே? சரி புள்ள" என்றார். பெண்டாட்டி சம்மதித்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அவருக்குத் தெரியாது, அந்தப் பெட்டியின் குணம் எனக்குத்தான் தெரியும். பின் யுவோங்கில் குழாய்களுக்கும் கதவுப் பிடிகளுக்கும் முலாம் பூசுகிற ஒரு தொழிற்சாலையில் எனக்குத் தரச்சோதனை வேலை. விடியும்போது கம்பெனி பஸ் ஏறினால் பொழுதோடு திரும்புவேன். அங்கே ஒரு பெட்டி இருக்கிறது. மூடிவிட்டால் உள்ளே ராப்பகலாக உப்புத் தண்ணீர் சூடான பனியாகப் பெய்துகொண்டே இருக்கும். கடலோரத்தில் பல மாதம் படுகிற பாட்டை அது சில நாளில் படுத்திவிடும். வெளியே பளபளவென்று மின்னுகிற எத்தனையோ சாமானை அந்தப் பெட்டி அசிங்கப்படுத்தியதை நான் பார்த்திருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கிற வியட்நாமியப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி, மேலதிகாரியிடமும் கேட்டு, பெட்டியின் ஒரு மூலையை வாங்கிக்கொண்டேன்.

முதல் டார்ச்சை பென் தான் பக்கம் பழைய ராணுவச் சாமான் விற்கிற சந்தையில் வாங்கினேன். கறுப்பு அலுமினியம், கையில் எடுத்தால் கனம். கடைக்காரர் அதைத் தரையில் போட்டுக் காட்டினார், தண்ணீர் வாளிக்குள் எறிந்து காட்டினார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. அதன் கிளிப்பைப் பிடித்திருந்த திருகாணி இரும்பு. இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்று மற்றதைத் தின்றுவிடும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். இரண்டாம் நாளே திருகாணியைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்தது. அதைக் கொண்டுபோய் வீட்டுக்காரர் கண்ணுக்கு நேராக நீட்டினேன். வேற பாரு என்றார்.

இரண்டாவது டார்ச் மஞ்சள் பிளாஸ்டிக். உடம்பு தாங்கியது, உள்ளே பேட்டரியைத் தாங்குகிற ஸ்பிரிங் துருப்பிடித்துச் செங்கல் நிறமானது. மூன்றாவதில் சுவிட்ச் மேலிருந்த ரப்பர் தொப்பி வெடித்தது. நான்காவதில் குறையே இல்லை, ஆனால் இரண்டு கையாலும் தலையைத் திருகினால்தான் எரியும். துடுப்புப் பிடித்திருக்கிறவன் மூன்றாவது கைக்கு எங்கே போவான்? அதையும் தள்ளினேன். ஒவ்வொன்று தோற்கும்போதும் அவர் முகம் கறுக்கும், எனக்கு நெஞ்சு குளிரும். இப்படி ஒரு பெண்டாட்டி உண்டா என்று என்மீதே எரிச்சல் வரும். மறுநாள் இன்னும் அக்கறையாக அடுத்ததைத் தேடுவேன்.

ஐந்தாவதாக வந்தது ஆரஞ்சு நிறம். வெளியே ஒரு பொட்டு உலோகம் கிடையாது. மூடியில் ஒன்றுக்கு இரண்டாக ரப்பர் வளையம், உள்ளே ஸ்பிரிங்குக்குத் தங்க முலாம், கட்டைவிரலால் அழுத்துகிற பெரிய சுவிட்ச். வாளியில் போட்டால் தலையை நிமிர்த்திக்கொண்டு மிதந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது.

நாலாம் நாள் பெட்டியைத் திறந்தேன். துடைத்துவிட்டு அழுத்தினேன். பளிச்சென்று எரிந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈரத்தின் சுவடே இல்லை. பக்கத்தில் நின்ற அந்த வியட்நாமியப் பெண் கைதட்டினாள். எங்கள் நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தேன். ஃபெயில் என்று ஒரு வார்த்தை எழுதினால் விஷயம் முடிந்தது, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் பதினேழு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், ஒரு சாமானைப் பற்றிக்கூட நான் பொய் ரிப்போர்ட் எழுதியதில்லை. கை வரவில்லை. பாஸ் என்று எழுதிவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பென் தானில் பஸ் மாறும்போது எட்டிப் போகிற தூரம்தான். கோயிலில் என்னைத் தவிர எல்லோரும் வியட்நாமியர்கள், கர்ப்பகிரகத்துக் கல்சுவரில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வேண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் நெற்றியை ஒட்டிக்கொண்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கண்ணைக் கொடு என்று கேட்டு அலுத்துவிட்டது. திருப்பி மட்டும் கொண்டுவந்து விடு என்று கேட்டுவிட்டு, குங்குமத்தை வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் யார் தூரப் பயணம் போனாலும் சட்டைப்பையில் ஒரு குங்குமப் பொட்டலம் இருக்க வேண்டும். கப்பலில் போனவர்களுக்கும் அப்படித்தான் வைத்து அனுப்பினார்கள், எங்களுக்கும் விமானத்தில் அப்படித்தான் வைத்து அனுப்பினார்கள். ஆனால் கயாக்கில் போகிறவருக்குச் சட்டைப்பை ஏது? இடுப்புக்குக் கீழே எப்போதும் தண்ணீர், மேலே அலை. யோசித்துப் பார்த்தேன். அந்தப் படகில் நனையாத இடம் ஒன்றே ஒன்றுதான், அது டார்ச்சின் வயிறு. நானே நாலு நாள் உப்பில் வைத்துச் சோதித்த இடம். சனிக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது மூடியைத் திறந்து, பொட்டலத்தைச் சின்னதாக மடித்து பேட்டரிக்குப் பக்கத்தில் செருகினேன். கொஞ்சம் சிந்தியது. முந்தானையால் துடைத்துவிட்டு மூடினேன். ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி இருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும் என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் கான் யோ வரைக்கும் போனேன். ஆறு கயாக் கிளம்பியது. அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் இடது தோளில் டார்ச்சை நானே கட்டினேன், வெளிச்சம் மேல்நோக்கி இருக்கும்படி. பிறகு நண்டு விற்கிற ஒரு குடிசைக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இளநீர் வாங்கினேன், குடிக்கவில்லை. நாலு மணிக்குமேல் காற்று மாறியது. கடைக்கார அம்மா மேசை விரிப்புகளையெல்லாம் எடுத்து மடித்து வைத்தாள்.

வானம் மங்குகிற நேரத்தில் கயாக்குகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். கடைசியாக வந்த குழுத் தலைவர் கரையில் இறங்கக்கூட இல்லை, தலைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அந்த முக்கால் மணி நேரத்தை நான் எழுதப்போவதில்லை. அவர் திரும்பியபோது பின்னால் ஒரு கயாக்கைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அதில் என் வீட்டுக்காரர் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் டார்ச் எரியவில்லை.

கரையில் இறக்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை அதைப் பற்றித்தான்.

"டார்ச் எரியல புள்ள. அழுத்தி அழுத்திப் பாத்தேன், எரியவேயில்ல."

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு மூடியைத் திறந்தேன். உள்ளே சிவப்புச் சேறு. காகிதம் கூழாகி பேட்டரியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் வளையத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தேன், கிரீஸில் நாலைந்து குங்குமத் துகள் புதைந்திருந்தது. சுவிட்சை அழுத்தினேன், எரியவில்லை. அடிப் பாவி, கட்டின புருஷனை நீயே கொல்லப் பார்த்தாயே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அன்று முழுக்க அந்தச் சிவப்புக் கையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். படிச்சவளா நீ, இதுக்கா சம்பளம் தர்றாங்க என்று கேட்டார். இரண்டு நாள் நான் வைத்த சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் மனுஷன் விசில் அடித்துக்கொண்டு முகம் மழிக்கிறார். காரைக்காலுக்குப் போன் போட்டு, கண்ணில்லாத அண்ணனிடம், இவ டார்ச்சுக்கே குங்குமம் வச்சுப் பூசை போட்டுட்டா, நான் நடுக்கடல்ல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பக்கம் அண்ணனும் சிரிப்பது எனக்குக் கேட்டது. பழி என்மேல் விழுந்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. எனக்கும் ஒருவகையில் நிம்மதிதான், டார்ச்சில் வந்த கோளாறைச் சரிபண்ணிவிடலாம் அல்லவா?

இரண்டு வாரம் கழித்து பென் தான் மெட்ரோ நிலையத்தில் அந்தக் குழுத் தலைவரைப் பார்த்தேன். அவராகவே வந்து வணங்கினார். வீட்டுக்காரரின் தொப்பி தன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். இனி அவரைக் குழுவில் கூட்டிக்கொண்டு போக முடியாது, தப்பாக நினைக்கக் கூடாது, அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். தப்பு அவருடையது இல்லை, டார்ச்சைக் கெடுத்தது நான்தான் என்று குங்குமக் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். டார்ச்சுக்கு என்ன என்று கேட்டார். அந்த டார்ச்சை வைத்துத்தானே அவரைக் கண்டுபிடித்தேன் என்றார். மணல்திட்டைத் தாண்டி, போக வேண்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாராம். தோளில் அந்த வெளிச்சம் அவ்வளவு தூரத்துக்குத் தெரிந்ததாம். கிட்டே போனதும் கண் கூசியதால் குழுத் தலைவர்தான் கையை நீட்டி அதை அணைத்தாராம். அருமையான டார்ச், எங்கள் எல்லோருக்கும் அதே மாதிரி வாங்க வேண்டும், எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். நான் கடையின் பெயரைச் சொன்னேன். வேறு என்ன செய்வது?

ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை. தண்ணீர் உள்ளே புகுந்தும் அந்த டார்ச் தன் வேலையைச் செய்திருக்கிறது. பிறகுதான், வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க உப்பில் ஊறி, செத்திருக்கிறது. கடலில் இவர் அழுத்தியபோதெல்லாம் எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்திருக்கிறது, தோளுக்குப் பக்கத்திலேயே. இவருக்குத்தான் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்க்கக்கூட அலை விட்டிருக்காது. திருப்பியிருந்தாலும் அவர் பார்க்கிற அந்தச் செய்தித்தாள் குழாய்க்குள் அது வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதைச் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். சொல்லாவிட்டால் தனியாகவாவது கடலுக்குக் கிளம்பிவிடுவார். வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டார், அதனால் அதே ஆரஞ்சு டார்ச்சில் இன்னொன்று வாங்கினேன். குங்குமம் வைக்கவில்லை. ஒழுங்காக நாலு நாள் உப்புப் பெட்டியில் வைத்தேன். பாஸ். நோட்டிலும் அப்படியே எழுதிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீடு எட்டாவது மாடி, எதிரே கால்வாயும் வானமும்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழே பைக்குகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின. புது டார்ச் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த பருவத்தில் எங்கெங்கே போகலாம் என்று குழுத் தலைவரிடம் கேட்க வேண்டும் என்றார். நான் பின்னால் நின்று, கடலில் கட்டியிருந்த அதே இடது தோளில், அதேபோல மேல்நோக்கி டார்ச்சை வைத்தேன். பாருங்கள் அத்தான், எரிகிறது, உங்களுக்குத் தெரிகிறதா என்று கேட்பதற்காகத்தான் வைத்தேன். அழுத்தினேன். டக் என்று சுவிட்ச் சத்தம் கேட்டது. அவருடைய காதும் கன்னமும் பகல்போலத் தெரிந்தன, நரைத்த கிருதாவில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

அவர் நேராக வானத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன புள்ள, இதுவும் எரியலயா?"

அந்த வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபமில்லை, பயமில்லை, டார்ச் சரியில்லை என்கிற சின்ன எரிச்சல் மட்டும்தான் இருந்தது. பதினேழு வருஷத்தில் நான் கொடுத்த முதல் பொய் ரிப்போர்ட் இதுதான்.

"எரியல அத்தான்."

"சரி விடு. வேற பாரு" என்றார்.

நான் டார்ச்சை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, சோறு வைக்க உள்ளே போனேன்.